சாம்பிளுக்குக் கூலி

அம்மா ஓவர்லாக் மெஷினில் முதன்முதலாக உட்கார்ந்த நாளில் அவருக்கு வைத்த தேர்வு பத்து நிமிடம்கூட நீளவில்லை. பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் போகும் சாலையில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. அதுவரை அங்கே கைமடியாக நின்றவர். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து, பிசிர் பார்த்து, மடித்து அடுக்கும் வேலை. அன்று ஒரு டெய்லர் வரவில்லை. சூப்பர்வைசர் நான்கு பீஸ்களை எடுத்துப் போட்டு, "சைடு அடிச்சுக் காட்டுங்க" என்றார். முதல் பீஸில் நூல் அறுந்தது. கோத்துக்கொண்டு மறுபடி அடித்தார். சூப்பர்வைசர் தையலை இழுத்துப் பார்த்தார், துணியைத் திருப்பிப் பார்த்தார், "சரி, பண்டலை எடுத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். இந்தக் கதையை எப்போது சொன்னாலும் அம்மா கடைசியில் ஒன்றைச் சேர்ப்பார்: "அந்த நாலு பீஸும் என்ர கணக்குலதான் ஏறுச்சு." பீஸ் ரேட் கணக்கு. தேர்வுக்குத் தைத்ததற்கும் கூலி உண்டு.

நான் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர். ஊரில் இதற்கு "வீட்டுலதான் இருக்கறா" என்று அர்த்தம். ஒன்பது வருடமாக மாடி அறையிலிருந்து வேலை செய்கிறேன். இணையதளங்களுக்குப் பின்னால் ஓடும் நிரல்களை எழுதுவது, ஒரு கணக்கு மென்பொருளை இன்னொன்றோடு இணைப்பது, யாரோ எழுதிவிட்டுப்போன பழைய நிரலைச் செப்பனிடுவது. இப்போதெல்லாம் ஒப்பந்தத்துக்கு விலை பேசும் முன்பே கோடிங் டெஸ்ட் எழுதச் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு என் நோட்டில் குறித்துவைத்தபடி எழுதியவை 14. அதற்குப் போன நேரம் 53 மணி. கையில் வந்த ஒப்பந்தம் 4. எழுதிய நேரத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒரே ஒருவர்.

இதை எழுதலாமா கூடாதா என்று எங்கள் தொழிலில் ஓயாமல் ஒரு வழக்கு ஓடுகிறது. ஆண் நண்பர்கள் பெரும்பாலும் தன்மானப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவனைப் பரீட்சை எழுதச் சொல்வதா, டாக்டரிடமும் வக்கீலிடமும் அப்படிக் கேட்பார்களா என்று. எனக்கு அந்த வாதம் ஒட்டுவதில்லை. டெய்லர் மகளுக்குச் செய்துகாட்டுவதில் கூச்சம் கிடையாது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் பதிவு எண் இருக்கிறது, கவுன்சில் இருக்கிறது. எங்கள் தொழிலில் யார் வேண்டுமானாலும் தன்னைப் புரோகிராமர் என்று சொல்லிக்கொள்ளலாம். காசு கொடுப்பவர் பார்க்கத்தான் வேண்டும். நான் கேட்பது அம்மாவின் கேள்வி: அந்த நேரம் யார் கணக்கில் ஏறுகிறது?

தேர்வுக்கு அழைத்து வரும் கடிதங்களை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இது ஒரு சின்ன வேலைதான் என்று தொடங்கும். உங்களுக்கு வசதியான நேரத்தில், தொந்தரவில்லாத இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள் என்று சொல்லும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம், ஆர்வமுள்ளவர்கள் கூடுதலாகச் செய்து அனுப்பலாம் என்று முடியும்.

'சின்ன வேலை' என்ற சொல்லைப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கூலி கொடுக்க உத்தேசமில்லாத வேலை எதுவாக இருந்தாலும் அது சின்ன வேலைதான். டீ போடுவது, விருந்தாளிக்கு இன்னும் ரெண்டு தோசை ஊற்றுவது, பையனின் சட்டைக்குப் பட்டன் தைப்பது. 'ஆர்வம்' என்ற சொல் அதைவிடத் தந்திரமானது. நான்கு மணி நேரம் என்று சொன்ன தேர்வுக்கு ஒருவன் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பத்து மணி நேரம் கொடுப்பான். நான் சொன்னபடி நான்கு மணி நேரம் கொடுப்பேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அவனை ஆர்வமுள்ளவன் என்பார். இரவு முழுக்க உட்கார முடிந்ததன் பின்னால் யாரோ ஒருத்தி குழந்தையைத் தூங்கவைத்திருப்பாள், அது அந்தப் பிரதியில் எங்கும் இருக்காது.

'தொந்தரவில்லாத இடம்' பற்றிச் சொல்லவே வேண்டாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டாருக்காகக் கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுவதாகத் தெரியவந்தது. செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். செய்கிற ஆண்கள் என்பதைக் கவனியுங்கள்: ஒரு நாளில் இந்த வேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர். ஐந்து மணி நேரம் வீட்டுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சுவது துண்டு துண்டான நேரம். குக்கர் மூன்றாவது விசில் வரும்வரை இருபது நிமிடம். தண்ணீர் வரும் நாளில் தொட்டி நிறையும்வரை முக்கால் மணி. அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் நான் பிழைப்புக்கான வேலையையே செய்கிறேன், நன்றாகவும் செய்கிறேன். தொடங்கினால் நிறுத்த முடியாத கடிகாரம் ஓடும் தேர்வோ ஒட்டுப்போடாத முழுத் துணியைக் கேட்கிறது.

கேமரா வைத்துக் கண்காணிக்கும் தேர்வுகளும் வந்துவிட்டன. முகம் திரையை விட்டு விலகினால், அறையில் இன்னொரு குரல் கேட்டால், மென்பொருள் சந்தேகக் குறி போட்டுக்கொள்ளும். ஒருமுறை என் மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பென்சில் சீவித் தரச் சொல்லி நின்றாள். சீவிக் கொடுத்தேன். தேர்வு முடிந்து வந்த அறிக்கையில் 'வேறொரு நபரின் உதவி இருந்திருக்கலாம்' என்று இருந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது.

இந்த இடத்தில் எனக்கு ஸ்டீவ் ஷெர்லி நினைவுக்கு வருவார். 1962இல் பிரிட்டனில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்றே பெயர் வைத்து ஒரு நிறுவனம் தொடங்கிய பெண். பெயர் ஸ்டெஃபனி. அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்ட கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று போட ஆரம்பித்தார். கல்யாணத்தாலோ குழந்தையாலோ வேலையை விட்ட பெண்களைத் தேடி எடுத்து, வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதவைத்தார். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூன்றே பேர். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை இப்படி வீடுகளில் உட்கார்ந்த பெண்கள்தான் எழுதினார்கள். தொலைபேசியில் வாடிக்கையாளர் அழைக்கும்போது குழந்தைச் சத்தம் கேட்கக் கூடாதென்று, தட்டச்சு ஓசை பதிந்த டேப்பை ஓடவிடுவாராம் ஷெர்லி. அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு டேப்பால் குழந்தையை மறைக்க முடிந்திருக்கிறது. எனக்கு அந்த வசதியும் இல்லை.

அதே 1960களில் அமெரிக்காவில் புரோகிராமர்களைத் தேர்வு வைத்து எடுக்கும் பழக்கம் உச்சத்தில் இருந்தது. ஐ.பி.எம். 1950களில் உருவாக்கிய திறனறித் தேர்வில் எண் வரிசைகள், உருவப் புதிர்கள், கணக்குகள் இருக்கும். பாரபட்சமில்லாதது என்று பெயர். நேதன் என்ஸ்மெங்கர் என்ற வரலாற்றாய்வாளர் 2010இல் எழுதிய நூலில் இந்தத் தேர்வுகளின் கதையைச் சொல்கிறார்: ஆண்கள் மட்டும் சேரும் கல்லூரிச் சங்கங்களிலும் மனமகிழ் மன்றங்களிலும் விடைகள் கைமாறியிருக்கின்றன. பிறகு இரண்டு உளவியலாளர்கள் 1966இல் 'நல்ல புரோகிராமர்' எப்படி இருப்பார் என்று ஓர் அளவுகோல் செய்தார்கள். அளந்த 1,378 பேரில் பெண்கள் 186. புதிர்களில் பிரியம் கொண்டவர், மனிதர்களோடு பழகப் பிடிக்காதவர் என்று விடை வந்தது. ஆண்களை வைத்து அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பெண்களுக்குப் போட்டுப் பார்த்து, உடம்புதான் சரியில்லை என்று சொன்ன கதை. முதல் தலைமுறைப் புரோகிராமர்களில் பெண்கள் நிறைய இருந்தார்கள் என்பது நம் மாணவிகளுக்கே இன்று செய்தியாக இருப்பதில் இந்தச் சட்டைக்கும் பங்கு உண்டு.

புதிர் இன்னும் போகவில்லை. என் அன்றாட வேலைக்கு ஒருநாளும் தேவைப்படாத இருகிளை மரங்களைத் தலைகீழாகத் திருப்பச் சொல்கிறார்கள். பார்வையாளர் முன்னிலையில் செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 48 கணினி மாணவர்கள். பாதிப் பேர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினார்கள். மீதிப் பேர் அறையில் தனியாக, அதே கணக்கை எழுதினார்கள். முன்னவர்களின் திறன் பின்னவர்களில் பாதிக்கும் கீழே போனது. பார்வையில் எழுதிய பெண்கள் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியாக எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது, ஆய்வாளர்களே அதைச் சொல்கிறார்கள். ஆனாலும் வகுப்பில் எழுந்து நின்றதும் தெரிந்த பதிலை மறந்துபோன எந்தப் பெண்ணுக்கும் அந்த முடிவு புதிதாக இருக்காது.

புதிர்த் தேர்வு நேரத்தைத்தான் வீணாக்கும். இன்னொரு வகை தேர்வு நேரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அது எனக்கு நடந்தது.

ஏற்றுமதி வேலைக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம். ஒரு ஆர்டரின் நிறங்களையும் சைஸ்களையும் விகிதப்படி அட்டைப்பெட்டிகளில் பிரித்து, பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கும் நிரல் எழுத வேண்டும். கேட்பதற்கு எளிது. எஸ் இரண்டு, எம் நான்கு, எல் நான்கு, எக்ஸ்.எல். இரண்டு என்று ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பீஸ் போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் எப்போதும் ஒரு நிறத்தில் எம் தீர்ந்திருக்கும், இன்னொன்றில் எல் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தை எப்படிக் கலந்து கட்டுவது, பெட்டியின் எடை வரம்பைத் தாண்டாமல் எப்படி முடிப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. பேக்கிங் செக்‌ஷனில் அம்மா பல வருடம் நின்றவர், அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இரண்டு இரவு. மகளுக்குக் காய்ச்சல் இருந்தது. ஈரத்துணி மாற்றிக்கொண்டே எழுதினேன் என்று சொன்னால் உருக்கமாக இருக்கும், உண்மையில் ஈரத்துணி மாற்றியது அம்மா. நான் எரிச்சலோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் கொடுத்த 'மாதிரித் தரவு' பற்றி அம்மாதான் முதலில் கேட்டார். "இது மாதிரின்னா சொன்னாங்க? ஷிப்மெண்ட் தேதி அடுத்த மாசம் போட்டிருக்குது." ஸ்டைல் நம்பர்கள், பெட்டிக் குறிகள், போய்ச் சேரும் துறைமுகம் எல்லாம் இருந்தன. யாரும் மாதிரிக்காக அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அனுப்பினேன். 'அருமையாக இருக்கிறது, குழுவோடு பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன், நான்காவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. ஏமாற்றியவருக்கு வராத வெட்கம் எனக்கு ஏன் வந்தது என்று யோசிக்க ஆரம்பித்ததில்தான் இந்தக் கட்டுரை கிளைத்தது.

இதைச் சொன்னபோது தொழில் தெரிந்த ஒரு உறவினர் சமாதானம் சொன்னார். "நீயும் ஒரு முதலாளிதானே. எக்ஸ்போர்ட்காரங்க சாம்பிள் போடறதில்லயா? ஆர்டர் வரும், வராது. தொழில்னா அப்படித்தான்."

சாம்பிள் என்ற சொல் திருப்பூர் வட்டாரத்தில் சாதாரணமானதில்லை. புரோட்டோ சாம்பிள், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள், கப்பலேறுவதற்கு முன் ஷிப்மெண்ட் சாம்பிள் என்று ஒரு பனியனை பையர் பல முறை கேட்பார். பெரும்பாலும் செலவு இங்கே இருப்பவர் தலையில்தான். அது பற்றிய புலம்பலை டீக்கடையிலேயே கேட்கலாம். அதனால் உறவினர் சொன்னது எடுத்த எடுப்பில் சரியாகப் பட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அதில் விடுபட்டவர் யார் என்று உறைத்தது: சாம்பிள் டெய்லர். கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்து ஒரு முழு உடுப்பையும் தானே தைக்கத் தெரிந்த ஆள். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஷிப்ட் கூலி உண்டு. ஆர்டர் கைநழுவினால் நஷ்டம் முதலாளிக்கு, டெய்லருக்கு இல்லை. முதலாளியும் அந்த நஷ்டத்தை அடுத்த ஆர்டரின் ஆயிரக்கணக்கான பீஸ்களில் பைசா பைசாவாக ஏற்றி எடுத்துவிடுவார். என் விஷயத்தில் முதலாளியும் நான்தான், சாம்பிள் டெய்லரும் நான்தான். ஒரே ஆளிடம் 'நீ முதலாளி' என்று சொல்லிவிட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கும் டெய்லரின் கூலி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

இந்த மறைப்பு இந்த ஊருக்குப் பழக்கமானது. திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி 2004இல் எழுதிய நூல் ஒன்று உண்டு. தொழிலாளிகளாக வந்து முதலாளிகளான கவுண்டர் சமூக ஆண்கள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக 'உழைப்பு' என்ற ஒரே சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பின்தொடரும் நூல். அந்த உழைப்பு மூலதனமாக மாறியது. அதே மெஷின்களில் உட்கார்ந்த பெண்களின் உழைப்பு அப்படி மாறவில்லை, அதற்கு வேறு பெயர்கள் வைக்கப்பட்டன. அவற்றில் மிகக் கொடியது 'பயிற்சி'. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததை இதை வாசிப்பவர்கள் அறிவீர்கள். பதின்வயதுப் பெண்கள் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும், முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. மூன்று வருடமும் அவள் 'பயிற்சியாளர்'. உடம்புக்கு முடியாமல் இடையில் போனால் அந்தத் தொகையும் போனதாகப் பல பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். விடுதிக் கதவுக்கு உள்ளே இருந்த அந்தப் பெண்களோடு மாடி அறையில் லேப்டாப் வைத்திருக்கும் என்னை ஒப்பிடவில்லை, அது அபத்தம். சொல்லின் வேலையை மட்டும் பார்க்கிறேன். ஒரு வேலையை 'பயிற்சி' என்றோ 'தேர்வு' என்றோ அழைத்துவிட்டால் அது வேலை இல்லாமல் போய்விடுகிறது, செய்தவள் கூலி கேட்டால் பேராசைக்காரி ஆகிறாள்.

அப்படியானால் தேர்வே எழுதக் கூடாது என்று சொல்லிவிடலாமே. சில தோழிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது முடியவில்லை.

ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் படித்தேன், பெயரைச் சொன்னால் பெங்களூருக்குத் தெரியாது. மகள் பிறந்து நான்கு வருடம் வேலையில் இல்லை. திரும்பி வந்தபோது அந்த நான்கு வருடத்தைப் பற்றிக் கேட்காத ஒரே இடம் தேர்வுத் திரைதான். அது என் கல்லூரியைக் கேட்கவில்லை, கணவர் என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை, எந்த ஊர், எந்தப் பக்கம் என்று சுற்றிவளைத்து சாதியைக் கேட்கவில்லை. எழுதிய நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தது. தேர்வே எழுதாமல் வேலை வாங்குகிற நண்பர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் பழைய மேலாளர், ஹாஸ்டல் அறைத்தோழன், மாமன் மச்சான், அல்லது நள்ளிரவு வரை நீளும் ஒரு மொட்டைமாடிப் பேச்சு. அந்த மொட்டைமாடிகளில் நாம் இல்லை. ஆள் தெரிந்தவனுக்குத் தேர்வு கிடையாது. தேர்வை ஒழித்தால் மிஞ்சுவது ஆள் தெரிவதுதான்.

பெயர் தெரியாமல் இருப்பதால் பெண்களுக்கு என்ன லாபம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. திறந்த மூல நிரல்களுக்கு கிட்ஹப்பில் அனுப்பப்படும் திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பெண்களின் திருத்தங்கள் ஆண்களுடையதைவிடக் கூடுதலாக ஏற்கப்பட்டன. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவர்களாக வந்த பெண்களை, பெண் என்று அடையாளம் தெரிந்தால் ஏற்பது குறைந்தது. ஹேக்கர்ராங்க் தளத்தைத் தொடங்கிய விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள். இன்டர்வியூஸ்ட்ரீட் என்ற பெயரில் 2009இல் தொடங்கியது அது. உலகமெங்கும் புரோகிராமர்கள் திட்டிக்கொண்டே எழுதும் தேர்வு தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் படித்தவர்கள் கையிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் உண்டு, கொஞ்சம் நன்றியும் உண்டு.

ஆகவே நான் தேர்வு எழுதுகிறேன். சும்மா எழுதுவதில்லை. முக்கால் மணி நேரம் வரை என் செலவு, அம்மாவின் பத்து நிமிடம் போல. அதற்கு மேல் போனால் என் வழக்கமான மணிக்கூலியில் பாதி, முன்பணமாக. கேமரா கிடையாது. தரவில் அடுத்த மாதத் தேதி இருந்தால் அது தேர்வு இல்லை, முழுக்கூலி. இதைப் பணிவாக நான்கு வரியில் எழுதி அனுப்புகிறேன். பாதிப் பேர் பதில் எழுதுவதில்லை. நிபந்தனை போட்ட பிறகு வந்த வேலை குறைந்திருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கைக்குழந்தையோடு முதல் ஒப்பந்தம் தேடும் பெண்ணிடம் போய் நீயும் இப்படிச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தனியாக ஒருத்தி போடும் நிபந்தனையைத் தாண்டிப் போய் அடுத்தவளிடம் கேட்பது எளிது.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு, யாரும் எங்களுக்குச் சொல்லித்தராத ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஊழியராக இல்லாமல் தனியாக எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். தேர்வுக்கு எழுதி அனுப்பிய நிரல் உங்களுடையதுதான். அதனால்தான் தேர்வுக்குள் நுழையும் முன் 'ஏற்கிறேன்' என்று அழுத்தச் சொல்லும் பொடி எழுத்தை முழுக்கப் படியுங்கள். உரிமையை அங்கே எழுதி வாங்கிக்கொள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. என் பேக்கிங் லிஸ்ட் நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருந்தால் அதன் உரிமை சட்டப்படி என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது வேறு விஷயம். வழக்குப் போட ஆகும் செலவு இரண்டு இரவின் கூலியைவிடப் பல மடங்கு. அப்வொர்க் போன்ற தளங்கள் வழியாக வேலை தேடுபவர்களுக்கு ஒரு சிறு பிடி உண்டு: இலவசமாக வேலை செய்து காட்டச் சொல்வது அங்கே விதிமீறல், புகார் செய்யலாம்.

இரண்டு மணி நேரத்துக்குப் போய் இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்கு: 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் இதே பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். யூனிட்டுக்குப் பைசா கணக்கில் நடந்த சண்டை அது. அவர்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. பைசா சின்னதில்லை என்று இந்த ஊர் ஆண்களுக்குத் தெரியும். பெண்களின் நேரத்துக்கு வரும்போதுதான் அந்தக் கணக்கு மறந்துபோகிறது.

எனக்கும் மறந்துபோயிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் பொய்.

போன வருடம் ஒரு ஒப்பந்தம் என் கைக்கு மீறிப் பெரிதாக வந்தது. உதவிக்கு ஆள் தேடினேன். பக்கத்து ஊரில் கணினிப் படிப்பு முடித்து, பகலில் ஒரு கம்பெனியில் செக்கிங்குக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவளுக்கு ஒரு தேர்வு அனுப்பினேன். கடிதத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். 'சின்ன வேலைதான், உனக்கு நேரம் இருக்கறப்போ செஞ்சு அனுப்பு' என்று எழுதியிருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்கு. கேட்டிருந்தது நான்கு மணி நேர வேலை. அதில் ஒரு பகுதி என் ஒப்பந்தத்தில் நான் செய்ய வேண்டியிருந்த பகுதியேதான். வேண்டுமென்றே செய்யவில்லை, கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தேர்வு வைத்தவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவள் போன் செய்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்குக் காசு உண்டுங்களா?"

எனக்கு முதலில் வந்தது கோபம். வேலையே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள்ளா என்று. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அடையாளம் தெரிய அரை நிமிடம் ஆனது. "உண்டு" என்றேன். எண்ணூறு ரூபாய் அனுப்பினேன். நன்றாகச் செய்திருந்தாள். வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் வேறொரு ஒப்பந்தத்துக்கு இன்னும் இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். இந்த முறை கவனமாக ஒரு தேர்வு தயாரித்தேன், உண்மை வேலையோடு சம்பந்தமில்லாமல், முக்கால் மணி நேரத்தில் முடிவதாக. அனுப்பும் முன் அவளிடம் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

"அக்கா, முக்கால் மணின்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சுங்க. நானே இப்படின்னா புதுசா வர்றவங்களுக்கு இன்னும் ஆகும். மிச்ச நேரத்துக்கு என்ன பண்றதுங்க?"

நான் போட்ட கேள்வி எனக்கு முக்கால் மணிதானே ஆகும் என்று நானே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, நடுவில் மூன்று முறை எழுந்து போனேன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. இரண்டு கேள்விகளை எடுத்துவிட்டு அவளுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன், அவள் எழுதிப் பார்த்த ஒன்றரை மணி நேரத்துக்கான கூலியோடு.